வழித்துணைக்குக் கொடுத்த முட்டை

பொன்னா, அந்த முட்டைய உரிச்சிட்டயா? உரிச்சிட்டா சட்டுனு வாயில போட்டு முழுங்கு. கையில வெச்சுக்கிட்டு என் மூஞ்சிக்கு நேரா ஆட்டாத. எனக்கு வேணாம். பாதி கூட வேணாம். மணியன் சொன்ன கதையக் கேட்டதுல இருந்து எனக்கு முட்டையக் கண்டாலே கொமட்டும். ஏன்னு சொல்றேன்... நீ முதல்ல தின்னு முடி. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

எல்லாரும் கிட்ட வாங்க. பட்டிப் பக்கம் காலை நீட்டாதீங்க, ஆடு மிரளுது. நெருப்பு அணைஞ்சா அணையட்டும். இந்தச் சண்டைக் காலத்துல சீமெண்ணெய்க்கு எங்க போறது... இருட்டிலேயே கேளுங்க.

பேய்னா ராத்திரியிலதான் வரும்னு எவனோ கிளப்பி விட்டிருக்கான். இது வந்தது நல்ல உச்சிப் பொழுதுல.

தம்மம்பட்டிக்கும் கெங்கவல்லிக்கும் நடுவுல ரோட்டை விட்டு இறங்கினா, ஆத்தைப் பார்த்துப் போற ஒரு வண்டித்தடம். ரெண்டு பக்கமும் கள்ளி. ஒதுங்கி நிக்க ஒரு மரம் கிடையாது. வெயிலு தலைக்கு நேரா நிக்குது. நெழலு காலுக்கடியிலேயே சுருண்டு கிடக்குது. காத்து இல்ல. காக்கா கூடக் கத்தல... அந்தத் தடத்துல நாலு பேரு ஒரு பாடையத் தூக்கிக்கிட்டுப் போறாங்க. பாடையில பெரியநாயகின்னு ஒரு கெழவி. அவ தலைமாட்டுல, மஞ்சத் துணியில முடிஞ்சு, ஒரு கோழிமுட்டை தொங்குது.

அந்த முட்டைய எடுத்துக் குடுத்தவ அத்தாயி. கெழவிக்கு மருமக, நம்ம மணியனுக்குச் சின்னம்மா. மணியனோட அம்மாகிட்ட அவளே அழுதுக்கிட்டுச் சொன்னதுதான் இதெல்லாம். நான் ஒரு சொல்லும் கூட்டலை.

அந்த வருசந்தான் கோழிக்கு வெள்ளைக் கழிச்சல் நம்ம பக்கம் மொத மொதல்ல வந்தது. அதுக்கு முன்ன அப்படி ஒரு சீக்க யாரும் பார்த்ததில்ல. அத்தாயியோட காட்டுக் கொட்டாயில வாசல் நெறையக் கோழி. வெடக்கோழி, பெட்டை, சாவல், குஞ்சுன்னு காலை வெக்க இடமிருக்காது. ஒரு நாள் காலையில ஒரு கோழி றெக்கையத் தொங்கப் போட்டுக்கிட்டு மூலையில நின்னுச்சு. அவ்வளவுதான். மக்யா நாள் விடிஞ்சா எல்லாமே நிக்குது. பச்சையும் வெள்ளையுமா, சுண்ணாம்புத் தண்ணியில பாசியக் கரைச்ச மாதிரி, பீச்சிப் பீச்சிக் கழியுது. அலகுல இருந்து கோந்து மாதிரி எச்சில் இழுபடுது. சிலதுக்குக் கழுத்து முறுக்கிக்கிட்டு, மண்டை முதுகுல படுத்து, கண்ணு வானத்தைப் பார்க்குது. அப்படியே சுத்திச் சுத்தி வந்து பொத்துனு விழுகுது.

அத்தாயி விட்டுடலை. மஞ்சளு, மொளகு, சின்ன வெங்காயம், கீழாநெல்லி எல்லாம் அரைச்சு, ஒவ்வொரு கோழியாப் புடிச்சு, அலகப் பொளந்து விரலால உள்ள தள்ளுவா. தள்ளினது மொத்தமும் அந்தக் கோந்தோட சேர்ந்து அவ மணிக்கட்டு வழியா முழங்கை வரைக்கும் ஒழுகும். தொடைச்சுக்கிட்டு அடுத்ததைப் புடிப்பா. வாசல்ல சாம்பலைக் கொட்டிக் கொட்டி வழிச்சா. செத்ததையெல்லாம் குழி தோண்டிப் பொதைச்சா. ராத்திரி நாயிங்க வந்து தோண்டி, புழு நெளியறதை இழுத்துக்கிட்டு வந்து அவ வாசல்லயே போட்டு வெச்சிருக்கும். விடிஞ்சா அதையும் அள்ளணும். கோழி வளர்த்தா காசு காசுன்னு சொல்றீங்களே, இந்த நாத்தத்தை ஒரு நாள் அள்ளிப் பாருங்க.

அதும் வயித்துப் புள்ளைக்காரி அள்ளினது. ஏழாம் மாசம்.

ஊர்ல ஒரு ஊடு பாக்கி இல்லாம கோழி அத்தனையும் போச்சு. அத்தாயிகிட்ட மட்டும் ஒண்ணே ஒண்ணு தப்பிச்சது... ஒரு செவலைப் பெட்டை. அது கொட்டாய்க்குப் பின்னால, சோளத்தட்டு அடுக்கி வெக்கிற இருட்டுச் சாளையில, ஒரு மூங்கில் கூடையில அடை கிடந்தது. அடியில பதிமூணு முட்டை. இடி இடிச்சா கெட்டுப் போகக் கூடாதுன்னு கூடையில கரித்துண்டும் ஆணியும் போட்டு, ஒவ்வொரு முட்டைக்கும் கரியால ஒரு கோடு இழுத்து வெச்சிருந்தா. அது பொரிச்சாத்தான் அவளுக்கு மறுபடி கோழி. புள்ளை பெத்துப் படுத்தா சாறு வெக்கவும் அதுதான். அதுக்குப் பக்கத்துல அவ ஒருத்தரையும் விடலை.

இப்பக் கெழவிக்கு வாரேன். பெரியநாயகிக்கு முட்டைன்னா அவ்வளவு நுணுக்கம். விளக்கு வெளிச்சத்துல புடிச்சு உள்ள ரத்தநூல் ஓடுதான்னு பார்ப்பா. காதுகிட்ட வெச்சு மெதுவா ஒரு குலுக்கு குலுக்குவா. உசுரு உள்ளது சத்தம் போடாது. கூமுட்டைன்னா உள்ள தண்ணியாட்டம் களக்குங்கும். அப்பவும் சந்தேகம்னா வெதுவெதுன்னு தண்ணியில விடுவா. நல்லது அமுங்கும். கூமுட்டை மெதக்கும். தொட்டுப் பார்க்கற கை எந்நேரமும் ஜில்லுனு இருக்கும் அவளுக்கு.

நாக்கு மட்டும் நல்ல நாக்கு இல்ல. அத்தாயிக்கு அதுக்கு முன்ன ரெண்டு தடவை வயித்துல வந்தது தங்கலை. ரெண்டாவதும் போயி அழுத கண்ணு காயாம அவ தண்ணிக்கு வந்து நிக்கறா... கெழவி கெணத்து மேட்டுல நாலு பொம்பளைங்க முன்னால, "எம் மருமவ அடை வெச்சா எல்லாம் கூமுட்டைதானுங்க"ன்னு சொல்லிச் சிரிச்சிருக்கா. அத்தாயி கொடத்தை எடுத்துக்கிட்டு வந்துட்டா. ஆனா மறக்கலை. எவதான் மறப்பா?

அந்தக் கெழவி ஒரு சனிக்கிழமை விடியக்காலம் கண்ணை மூடினா.

சனிக்கிழமை செத்தவங்களுக்கு வழித்துணை வேணும். நம்ம பக்கம் பாடையில உசுரோட ஒரு கோழிக்குஞ்சக் கட்டி விடுவாங்க. இல்லாட்டி செத்தவங்க ஊட்டுல இருந்தே ஒருத்தரைக் கூப்பிட்டுக்குவாங்கன்னு பேச்சு. பங்காளிகள்ல பெரியவரு வெங்கடாசலம், ஊரெல்லாம் ஆளை விட்டுத் தேடிட்டார். எங்க இருக்குது கோழி? எல்லாம் குழிக்குள்ள கிடக்குது.

கடைசியில அவரு அத்தாயியக் கூப்பிட்டார்.

"அம்மிணி, உன்னைய விட்டா ஆளில்ல. அந்தச் செவலையக் குடுன்னு கேக்க எனக்கே மனசு வரலை. அடையில இருக்கற முட்டையில ஒண்ணு குடு. அதுவும் உசுருதான். ஆனா உசுரு உள்ளதாப் பார்த்துக் குடு சாமி."

"சரிங்க மாமா"ன்னுட்டு அத்தாயி சாளைக்குள்ள போனா.

மொத நாள் சாயங்காலந்தான் அவ முட்டையெல்லாம் சோதிச்சிருந்தா. அத்தனையும் நல்லது. ஒண்ணே ஒண்ணுதான் தண்ணிக்கு மேல மெதந்துச்சு. அதைத் தனியா எடுத்து, தூர எறியறதுக்குச் சாம்பல் மேட்டு மேல வெச்சிருந்தா. ஓடு கருத்து, வேர்த்த மாதிரி பிசுபிசுன்னு இருந்துச்சு அது.

கோழிக்கு அடியில கைய விட்டா. நல்ல முட்டை ஒண்ணு கைக்கு வந்துச்சு. கதகதன்னு... உள்ள ஏதோ இருக்கற கனம். அதே நேரத்துல அவ வயித்துப் புள்ளை ஒரு உதை உதைச்சுது. அவளுக்குக் கெணத்து மேடு ஞாபகம் வந்துச்சு. சிரிச்ச சிரிப்பு ஞாபகம் வந்துச்சு.

நல்ல முட்டையத் திருப்பி வெச்சிட்டா. சாம்பல் மேட்டுல இருந்ததை எடுத்து, துடைச்சு, கருப்பு தெரியாம மஞ்சளைப் பூசி, துணியில முடிஞ்சு கொண்டாந்து குடுத்தா. 'உனக்கு இது போதும்'னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டா. கெழவி நாக்கு அழுகின நாக்குதான், ஒத்துக்கறேன். ஆனா செத்தவளுக்குச் செய்யற காரியமா இது? கேக்கறப்பவே எனக்கு உடம்பு கூசுச்சு.

அந்த முட்டைதான் உச்சி வெயில்ல பாடையில தொங்கிக்கிட்டுப் போகுது.

தடத்துல பாதி தூரம் போயிருப்பாங்க. டப்னு ஒரு சத்தம். ஓட்டு வெடி மாதிரி. முட்டை வெடிச்சிருச்சு. கரும்பச்சையா ஒரு கொழகொழப்பு தெறிச்சு, கெழவி கன்னத்துல விழுந்து, வாய்க்கட்டுத் துணிக்குள்ள இறங்கி, பாடை மூங்கில்ல ஒழுகி... தலைமாட்டைத் தூக்கிட்டு வந்த கருப்பண்ணன் தோள்ல சொட்டுது. கருப்பண்ணன்னா அத்தாயி புருசன், கெழவிக்கு ஒரே மவன். நாத்தம்னா நாத்தம், சொல்லி முடியாது. தூக்கினவங்க நாலு பேரும் பாடையத் தடத்துலயே இறக்கிட்டு, ஆளுக்கொரு கள்ளி மறைவுல போயிக் கக்கினாங்க. சங்கு ஊதறவன் சங்குக்குள்ளயே கக்கினான்னு மணியன் சொன்னான்... அதை நான் நம்பலை, அவன் கொஞ்சம் கூட்டுவான்.

எப்படியோ கொண்டு போயி மூக்கப் புடிச்சுக்கிட்டுப் பொதைச்சிட்டு வந்துட்டாங்க.

சாயங்காலம் வெங்கடாசலம் அத்தாயிகிட்ட வந்து நின்னார்.

"அம்மிணி, அந்த முட்டையில உசுரு இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க மாமா. வெயிலு... அதான் வெடிச்சிருக்கும்."

அவரு கொஞ்ச நேரம் அவ வயித்தைப் பார்த்தார். "உசுரு இருந்திருந்தாச் சரி. இல்லாட்டி அவ பாதி வழியில நின்னுக்கிட்டிருப்பா. துணை தேடிக்கிட்டுத் திரும்புவா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

கருப்பண்ணன் ஆத்துல குளிச்சான், கெணத்துல குளிச்சான், சீயக்காய் போட்டுத் தேய்ச்சான். தோள்ல அந்த நாத்தம் போகலை. ராத்திரி அவன் பக்கத்துல படுக்க முடியாம அத்தாயி வாசல்ல வந்து படுத்தா. மூணு நாள்ல அவன் தோள் நாத்தம் தானாப் போச்சு.

அது எங்கயும் போகலை. சாளைக்கு வந்திருச்சு.

நல்ல உச்சிப் பொழுது. கருப்பண்ணன் காட்டுல இருந்தான். அத்தாயி தனியா உக்காந்து கேப்பை பொடைச்சுக்கிட்டிருந்தா. மொதல்ல அந்த வாடை வந்துச்சு. அப்புறம்... அடுப்பு சுவத்துல என்னமோ சாம்பல் மாதிரி ஒரு கோடு மேல ஏறுது. கிட்டப் போயிப் பார்த்தா கோழிப்பேன். ஆயிரக்கணக்குல. பொடிப்பொடியா, ஊர்ந்துக்கிட்டு. திரும்பிப் பார்த்தா மொறத்துல இருக்கற கேப்பையே நெளியுது. கையில ஏறுது, கழுத்துல ஏறுது, கண் ரெப்பையில ஊருது, காதுக்குள்ள கிறுகிறுங்குது. மொறத்தைப் போட்டுட்டு எந்திரிச்சா. கோழி செத்தாத்தான் பேன் அப்படி எறங்கி ஓடும். செவலை போயிருச்சுன்னு நெனைச்சு சாளைக்கு ஓடினா.

வாசப்படியிலேயே நின்னுட்டா.

உள்ள இருந்து ஒரு சத்தம்... களக். கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. மறுபடி... களக்.

யாரோ முட்டைய ஒண்ணொண்ணாக் காதுல வெச்சுக் குலுக்கிப் பார்க்கறாங்க.

எட்டிப் பார்த்தா ஒருத்தரும் இல்ல. கோழி உசுரோடத்தான் இருந்துச்சு. இறகெல்லாம் சிலிர்த்து, கண்ணை அகல விரிச்சு, கூடைக்கு மேல யாரோ நிக்கற மாதிரி அண்ணாந்து பார்த்துக்கிட்டு இருந்துச்சு. அத்தாயி அடியில கைய விட்டா. கோழி பத்து நாளா உக்காந்த எடம், சூடா இருக்கணும். முட்டையெல்லாம் ஜில்லுனு இருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி விளக்கு வெச்சுப் பார்த்தா, ஒரு முட்டையில ரத்தநூல் அறுந்து, உள்ள கருப்பா கலங்கிக் கிடந்தது. மக்யா நாளும் உச்சிப் பொழுதுல அந்த வாடை, அந்தப் பேன், அந்தச் சத்தம். ராத்திரி பார்த்தா இன்னொண்ணு. அதுக்கு அடுத்த நாள் இன்னொண்ணு. கெழவி தொட்டுக் குலுக்கினா உள்ள இருக்கறது செத்துப் போகுது. அவ நல்லதாத் தேடறா... அவ கை பட்டா நல்லது நல்லதா இருக்க மாட்டேங்குது.

பொன்னா, இன்னுமா அதைக் கையில வெச்சிருக்க? கீழ போட்டுட்டயா? சரி, நாய் திங்கட்டும்.

அத்தாயி யாருகிட்டயும் வாயத் திறக்கலை. திறந்தா, தெரிஞ்சே கூமுட்டையக் கட்டி விட்டதைச் சொல்லணுமே. தானே கடனைத் தீர்த்துடலாம்னு ஒரு யோசனை பண்ணினா. மிச்சமிருந்ததுல உசுரு நல்லா ஓடற முட்டை ஒண்ணை எடுத்து, அதுல இருந்த கரிக்கோட்டுக்கு மேல குறுக்க இன்னொரு கோடு இழுத்து, மடியில கட்டிக்கிட்டா. வயித்துப் புள்ளைக்காரி சுடுகாட்டுக்குப் போகக் கூடாது. போனா. அதும் அதே உச்சி வெயில்ல, அதே தடத்துல, தன்னந்தனியா.

கள்ளி ரெண்டு பக்கமும் அசையாம நிக்குது. பாடை இறக்கி வெச்ச எடத்துல மண்ணு இன்னும் கருப்பா ஈரமா இருந்துச்சு. ஈ மொய்க்குது. தாண்டிப் போயி, குழிமேட்டுல மண்ணைக் கொஞ்சம் கிளறி, முட்டைய உள்ள வெச்சு மூடினா.

"அத்தை, இதுல உசுரு இருக்குதுங்க. இதை வெச்சுக்கிட்டுப் போயிருங்க."

எந்திரிச்சுத் திரும்பி நடந்தா. பின்னால... சரக்... சரக். கெழவிக்கு ஒரு கால் இழுப்பு. உசுரோட இருக்கறப்ப வாசல்ல நடந்தா அப்படித்தான் கேக்கும். அத்தாயி திரும்பலை. வயித்தை ரெண்டு கையாலயும் தாங்கிக்கிட்டு நடந்தா. அவ நின்னா அதுவும் நிக்குது. வாடை மட்டும் நிக்காம அவளைத் தாண்டி முன்னால போகுது. தடம் முடிஞ்சு ரோட்டுக்கு ஏறினதும் அந்தச் சத்தம் கேக்கலை.

ஊட்டுக்கு வந்து நேரா சாளைக்குப் போனா. செவலை கூடைய விட்டு இறங்கி, ஒரு ஓரத்துல சுவத்தோட ஒட்டி நின்னுச்சு. முட்டையெல்லாம் தெறந்து கிடக்குது. நடுவுல... குறுக்கால ரெண்டு கரிக்கோடு போட்ட முட்டை. அதுல சுடுகாட்டு மண்ணு அப்படியே ஒட்டியிருக்குது.

கையில எடுத்தா. எடுத்த உடனே உள்ள களக்குனு ஒரு சத்தம். கைய உதறினா. அது கூடையில விழுந்து உடைஞ்சு, மத்த முட்டைமேல எல்லாம் அந்தக் கரும்பச்சை ஓடுச்சு. ஓட்டுக்குள்ள பாதி வளர்ந்த குஞ்சு... இறகு மொளைக்காத உடம்பு, கண்ணு மட்டும் பெருசா. அந்தக் கண்ணுல பேன் ஊருது.

அன்னைக்குச் சாயங்காலம் அந்தச் செவலைப் பெட்டை வாசலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, அந்த வண்டித்தடத்துல இறங்கிப் போச்சு. அத்தாயி பா... பா... பான்னு கூப்பிட்டுக்கிட்டே பின்னால ஓடினா. ஒரு தடவை கூட அது திரும்பிப் பார்க்கலை. யாரோ முன்னால தீனி போட்டுக்கிட்டுப் போற மாதிரி, அங்கங்க மண்ணைக் கொத்திக் கொத்திக்கிட்டே போச்சு.

ஆனா கோழி வந்து சேர்ந்ததுல கெழவிக்குத் திருப்தி இல்ல போல இருக்குது.

மக்யா நாள் உச்சியில அத்தாயி கொட்டாய்க்குள்ள கதவைச் சாத்தி, தாப்பாள் போட்டுப் படுத்திருந்தா. ஊட்டுல முட்டை இல்ல, கோழி இல்ல. சாளையக் கழுவிச் சாணி மொழுகிட்டா. இனி வர்றதுக்கு என்ன இருக்குதுன்னு ஒரு தைரியம்.

வாடை வந்துச்சு.

வெளிய இல்ல. உள்ள... அவ படுத்திருந்த பாய்க்குப் பக்கத்துல. கண்ணைத் தெறக்கக் கூடாதுன்னு இறுக்கி மூடிக்கிட்டா. மூடின ரெப்பை மேல பேன் ஊருது. தட்டக் கையத் தூக்க முடியல. வயித்து மேல ஒரு கை வந்து உக்காந்துச்சு. ஜில்லுனு. அப்புறம் இன்னொரு கை. ரெண்டு கையும் வயித்தை ரெண்டு பக்கமும் பதனமாப் புடிச்சுது. முட்டையப் புடிக்கற மாதிரி.

"அத்தை..." அத்தாயி கண்ணைத் தெறக்காம முணுமுணுத்தா. "தெரிஞ்சேதான் குடுத்தேனுங்க அத்தை. தப்புதானுங்க. என்னையக் கூட்டிக்கிட்டுப் போங்க. எம் புள்ளையத் தொடாதீங்க."

கை கொஞ்ச நேரம் அசையலை. ஏதோ ஒண்ணு குனிஞ்சு, அவ தொப்புள்கிட்டக் காதை வெச்ச மாதிரி இருந்துச்சு. நரைச்ச மசுரு வயித்துல உரசுது.

அப்புறம் மெதுவா... ஒரே ஒரு குலுக்கு.

வாடை போயிருச்சு. பேன் போயிருச்சு. வெளிய மாடு கத்தற சத்தம் கேட்டுச்சு. அத்தாயி கண்ணைத் தெறந்தா, ஊடு ஊடாவே இருந்துச்சு. வயித்துல மட்டும் சத்தமில்ல. புள்ளை உதைக்கலை. மருத்துவச்சி ஆராயிய ஆள் விட்டுக் கூப்பிட்டாங்க. ஆராயி வந்து தடவிப் பார்த்தா, வெந்நி ஒத்தடம் குடுத்தா, காதை வெச்சுக் கேட்டா. "தூங்குது சாமி, பயப்படாத"ன்னா. ஆனா அத்தாயி மூஞ்சியப் பார்த்துச் சொல்லலை.

ராத்திரி முழுக்க அத்தாயி வயித்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. விடியறப்ப உள்ள அசைஞ்சுச்சு. அவளுக்குப் போன உசுரு வந்துச்சு. ஊட்டுச் சாமியக் கும்பிட்டா, புருசனை எழுப்பிச் சொன்னா, அழுதா, சிரிச்சா. சிரிச்சு முடிச்ச பெறகுதான் அவளுக்குத் தெரிஞ்சுது... அது உதைக்கலை. உருளுது. அவ இந்தப் பக்கம் சாஞ்சா இந்தப் பக்கம் உருளுது, அந்தப் பக்கம் சாஞ்சா அந்தப் பக்கம்.

மாசம் தள்ளி நல்லபடியாத்தான் பொறந்தான் பையன். கொழுகொழுன்னு, நல்ல செவப்பு. சத்தமா அழுதான், பால் குடிச்சான். சென்றாயன்னு பேரு வெச்சாங்க. ஊரே வந்து பார்த்துச்சு. ஆராயி மட்டும் கொழந்தையக் குளிப்பாட்டித் துணியில சுத்திக் குடுத்துட்டு, கையைச் சீயக்காய் போட்டுக் கழுவினா. மோந்து பார்த்துட்டு மறுபடி கழுவினா. மறுபடியும் கழுவினா. என்னன்னு கேட்டதுக்கு ஒண்ணுமில்லைன்னுட்டு, குடுத்த அரிசி, வெத்தலை, சீலை எதையும் வாங்காமப் போயிட்டா. அதுக்கப்புறம் அந்தக் கொட்டாய்ப் பக்கம் அவ வரவேயில்ல.

கழிச்சல் நின்னு, ஊர்ல எல்லா ஊட்டுலயும் மறுபடி கோழி மேஞ்சுது. அத்தாயி ஊட்டு வாசல்ல மட்டும் கோழி நிக்காது. கொண்டாந்து விட்டா, அந்தப் பையன் தவழ்ந்து வந்த உடனே றெக்கைய அடிச்சுக்கிட்டுக் கூரை மேல ஏறிக்கும். இறங்கவே இறங்காது. அத்தாயியும் விட்டுட்டா. வெள்ளாடு வளர்த்தா. புள்ளை நல்லா இருக்கறானே, அது போதும்னு அவளுக்கு. எந்நேரமும் இடுப்புலயே தூக்கி வெச்சிருப்பா. தூக்கறப்ப மட்டும் ரொம்ப மெதுவாத் தூக்குவா. குலுங்க விட மாட்டா. ஊர்ல கேலி பண்ணுவாங்க, "அத்தாயி புள்ளையத் தூக்கறா பாரு, நெறகொடத்தைத் தூக்கற மாதிரி"ன்னு.

இனி சொல்றது மணியன் கண்ணால பார்த்தது. சென்றாயன் வளர்ந்து, ஆடு ஓட்டற வயசு. கருப்பண்ணன் அவனுக்கு நீச்சல் பழக்கி விடலாம்னு கெணத்துக்குக் கூட்டிட்டுப் போனான். மணியன், இன்னும் நாலு பசங்க எல்லாரும் கெணத்துலதான் இருந்தாங்க. அந்தப் பக்கம் கெணறு எப்படி இருக்கும்னு தெரியுமில்ல, ஆழம், பாறையக் குடைஞ்சது. முதுகுல சொரைக்குடுக்கையக் கட்டி இறக்கி விட்டான். பையன் பயப்படலை. கொஞ்ச நேரம் பார்த்துட்டு கருப்பண்ணன் குடுக்கைய அவுத்தான். தண்ணி குடிச்சாத்தான் நீச்சல் வரும்னு சொல்லுவோமே, அந்தக் கணக்கு.

பையன் முங்கலை.

கைய அடிக்கலை, காலை அடிக்கலை. சும்மா கெடந்தான். பசங்களுக்கு வேடிக்கை. தலையப் புடிச்சு அமுக்கினாங்க. கைய எடுத்த உடனே மேல வந்தான். ரெண்டு பேரு தோள்ல ஏறி நின்னாங்க. அவங்க முங்கினாங்க, அவன் முங்கலை. மணியன் போயி இடுப்புல ஒரு கல்லைக் கட்டினான். கல்லு தண்ணிக்குள்ள கவுத்துல தொங்குது, அவன் மேல கெடக்கறான். மல்லாக்க. கண்ணைத் தெறந்துக்கிட்டு. வெயிலு நேராக் கண்ணுல அடிக்குது, சிமிட்டலை. தலைப்பக்கம் கொஞ்சம் தூக்கி, கால்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து, மெதுவா... மெதுவா ஒரு சுத்து சுத்தினான்.

கருப்பண்ணனுக்குப் பெருமை தாங்கல. "எம் பையனைப் பாருங்கடா, பொறவி நீச்சக்காரன்"னு கையத் தட்டிச் சிரிச்சான். பசங்களும் சிரிச்சாங்க.

அந்த நேரத்துல அத்தாயி கஞ்சிக் கலயத்தோட கெணத்து மேட்டுக்கு வந்தா. நல்ல உச்சிப் பொழுது. என்ன சிரிப்புன்னு எட்டிப் பார்த்தா.

கீழ அவ புள்ளை மெதந்துக்கிட்டிருந்தான்.

அவ கலயத்தைப் பதனமாக் கீழ வெச்சா. பார்த்துக்கிட்டே நின்னா, ரொம்ப நேரம்... அப்புறம் முந்தானைய எடுத்து மூக்கைப் பொத்திக்கிட்டா.